வெளியே பனி, உள்ளே விளக்கு: கோசி கேமுக்கு அட்டைப்படம் செய்யும் வழி

என் கேமின் முதல் அட்டைப்படத்தில் எல்லாமே இருந்தது. தேயிலை மலை, வளைந்து போகும் தண்டவாளம், நீலக் கோச்சி, தூரத்தில் ஓர் அருவி, அதற்குப் பக்கத்தில் மாரியம்மன் கோவில் கோபுரம், இவ்வளவுக்கும் கீழே வலது மூலையில் கேம் நடக்கும் தேத்தண்ணிக் கடை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஏற்றிவிட்டுப் போனில் திறந்து தங்கச்சியிடம் நீட்டினேன். “இது தோட்டம் போடுற கேமா அண்ணா?” என்று கேட்டாள். கடை அவள் கண்ணில் படவே இல்லை. போனில் அது ஓர் அரிசி அளவுதான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று தடவை புதிதாக வரைந்தேன். நான்காவதுதான் இப்போது இருப்பது. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை, முதல் கேம் செய்துகொண்டிருக்கும் நம் இலங்கை மலைநாட்டுப் பிள்ளைகளுக்காக, ஹட்டனோ பண்டாரவளையோ பதுளையோ எங்கே இருந்தாலும், எந்த வரிசையில் செய்தால் கை நோவு குறையுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். என் கேமின் பெயர் ‘மூலைக்கடை’. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னக் கடையை நடத்தும் சிமுலேஷன், அவசரமோ சண்டையோ இல்லாமல் இதமாக விளையாடும் ‘கோசி’ வகை. உதாரணங்கள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

வரையும் முன் ஒரு வாக்கியம்

பென்சிலை எடுக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்கிறார். என்னுடையது இது: “பனி இறங்கும் சாயங்காலத்தில், ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், கடைசிக் கோச்சிக்குக் காத்திருப்பவருக்கு ஒரு பெண் தேத்தண்ணி ஊற்றுகிறாள்.” இந்த வாக்கியத்தில் இல்லாத எதுவும் படத்தில் வரக்கூடாது. அருவி போனது, கோபுரம் போனது, நீலக் கோச்சியும் போனது. கோச்சியை எடுக்கத்தான் மனசே வரவில்லை, ஏனென்றால் அதை நன்றாக வரைந்திருந்தேன். நன்றாக வரைந்திருக்கிறோம் என்பது ஒன்றைப் படத்தில் வைத்திருப்பதற்குக் காரணமாகாது, அதை வேறு இடத்தில், கேமுக்குள்ளேயே கூட, பயன்படுத்திக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வினைச்சொல் எது என்று பாருங்கள். சிமுலேஷன் கேமில் வாங்குகிறவர் பல மணி நேரம் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப் போகிறார், நடுவது, தைப்பது, அடுக்குவது, சமைப்பது, இப்படி ஏதோ ஒன்று. அந்த வேலை அட்டையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆள் சும்மா நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தால் அது எந்தக் கேமுக்கும் பொருந்தும், அதனால் எந்தக் கேமுக்கும் பொருந்தாது. என் இரண்டாவது அட்டையில் கடைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான்காவதில் ஒரு கையில் கேத்தல், மறு கையில் கிளாஸ், கண் கிளாஸில் விழும் தேத்தண்ணியில். படம் பார்க்கிறவர் கண்ணும் அங்கேயே போகிறது.

குளிரும் சூடும்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

கோசி என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் அர்த்தம், வெளியே குளிர், உள்ளே சூடு. இரண்டும் வேண்டும். குளிர் இல்லாத இடத்தில் போர்வைக்கு என்ன வேலை? நிறையப் பேர் இதமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, படம் முழுக்க இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசி, எல்லாவற்றையும் சூடாக்கிவிடுகிறார்கள், அப்போது எதுவும் சூடாகத் தெரிவதில்லை. நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பட்டிப்பொல ஸ்டேஷன் 1,898 மீட்டரில். சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து ரோட்டையும் லய வீடுகளையும் ஒவ்வொன்றாக மூடும்போது, எதிர் மலையில் ஒரே ஒரு கடையின் பல்ப் மட்டும் மஞ்சளாகத் தெரியும் இல்லையா, அதைப் பார்த்தவுடன் நம் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அந்தக் காட்சியைத்தான் அட்டையில் போட வேண்டும். படம் சின்னதாகும்போது கோடுகளும் முகமும் காணாமல் போகும், ஆனால் இருட்டுக்குள் ஒரு சூடான வெளிச்சம் எவ்வளவு சின்னதானாலும் தெரியும். அதாவது இதமான உணர்வைத் தருவதும் தூரத்திலிருந்து கண்ணில் படுவதும் இங்கே ஒரே காரியம்.

வேலையாகச் செய்வது இப்படி. முதலில் மூன்றே மூன்று சாயத்தில் படத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தூரத்து மலைக்கு வெளிறிய சாம்பல் நீலம், பக்கத்தில் இருக்கும் செடி, சுவர், கூரைக்கு அடர்ந்த நீலப் பச்சை, கடையின் உள்ளே மஞ்சளும் செம்மஞ்சளும். சூடான நிறம் படத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் (இது விதி இல்லை, என் கைக்கணக்கு). பனி உங்களுக்குப் பெரிய உதவி. தூரம் போகப் போக அது நிறத்தையும் விவரத்தையும் தின்றுவிடுவதால், பின்னால் இருக்கும் ஒவ்வொரு தேயிலைச் செடியையும் வரைய வேண்டியதில்லை, மலை மேல் மலையாக இரண்டு மூன்று நிழல் வடிவங்கள் போதும்.

பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கடையின் உட்புறம் இன்னும் படத்திலேயே பிரகாசமான இடமாக இருக்கிறதா? என் மூன்றாவது அட்டையில் மஞ்சளும் பச்சையும் கலரில் அழகாகப் பிரிந்து தெரிந்தன, சாம்பலாக்கினால் இரண்டும் ஒரே அடர்த்தி. கலர் வேறாக இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி.

பச்சையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் பச்சை, அதனால் கை தானாகப் பச்சைக்குப் போகும். ஆனால் விவசாய கேம்களின் அட்டைகள் பெரும்பாலும் பச்சைப் புல்லும் நீல வானமும்தான். அந்த வரிசைக்குள் இன்னொரு பச்சை மலை போய் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. சாயங்காலப் பனிக்குள் போன பச்சை, நீலமும் சாம்பலும் கலந்த பச்சை, அது வேறு நிறம், அதை எடுங்கள். இன்னொன்று, ஸ்டீம் கடையின் பக்கமே கருநீலம். படத்தின் ஓரம் முழுக்கக் கருநீலமாக முடிந்தால் படம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கரைந்துபோகும். ஓரங்களில் பனியின் வெளிறிய சாம்பல் கொஞ்சம் வரட்டும்.

நிறத்தை மனதிலிருந்து போடாதீர்கள். ஒரு சாயங்காலம் போய் உண்மையான கடையின் எதிரில் உட்காருங்கள். “மொதலாளி, ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். போன் கேமரா மஞ்சள் வெளிச்சத்தைத் தானாகத் திருத்தி வெள்ளையாக்கிவிடும், ஆகவே அப்படித் திருத்தும் வைட் பேலன்ஸ் அமைப்பைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவிட்டு எடுங்கள். வடையும் பனிஸும் இருக்கும் கண்ணாடி அலுமாரி உள்விளக்கில் எப்படி ஒளிர்கிறது, கேத்தல் ஆவி எந்தப் பக்கம் போகிறது, தகரக் கூரையின் விளிம்பு மட்டும் எப்படி மின்னுகிறது, இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டூலைக் காலியாக விடுங்கள்

இது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, மூன்றாவது அட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவில் தற்செயலாகக் கிடைத்தது. மூன்றாவதில் கடை நிறைய ஆட்கள். போர்ட்டர், ஸ்கூல் பிள்ளைகள், மூட்டையோடு ஒரு தாத்தா, எல்லோரும் சந்தோஷமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல படம்தான், ஆனால் பார்க்கிறவருக்கு அங்கே இடம் இல்லை. யாரோ சிலர் சந்தோஷமாக இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. நான்காவதில் ஆட்களை ஒருவராகக் குறைத்து, நம்மைப் பார்த்தபடி முன்னால் ஒரு காலி ஸ்டூல் போட்டேன், அதன் முன்னால் பலகையில் ஆவி பறக்கும் ஒரு கிளாஸ்.

ஆட்டோ ஓட்டும் மாமாவிடம் போனைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அந்தப் பொம்பளப் புள்ள யாருக்குத் தம்பி ஊத்துது? நமக்கா?” என்றார். அவர் கேம் விளையாடுகிறவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது.

உங்கள் கேம் கடையாக இல்லாமல் போகலாம். தையல் கேம் என்றால் தைத்து முடிக்காத சட்டையில் ஊசி குத்தியபடி இருக்கட்டும், தோட்டம் என்றால் ஒரு பாத்தி மட்டும் வெறும் மண்ணாக இருக்கட்டும். வருகிறவர் செய்ய ஒரு வேலை மிச்சம் வையுங்கள்.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம்

மலைநாடு என்றவுடன் எல்லோரும் வரைவது எது என்று நமக்குத் தெரியும். தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலம், அதன் மேல் ரயில், கீழே தேயிலை. அந்தப் பாலம் 1921-இல் கல்லாலும் செங்கல்லாலும் சிமெந்தாலும் கட்டியது, அழகுதான், கும்பிடக்கூடிய வேலை. ஆனால் அது வந்து போகிறவரின் கண். உங்கள் கேமில் பாலம் முக்கியமில்லை என்றால் அட்டையிலும் அது வேண்டாம். அங்கே வாழ்கிறவர் பாலத்தை மேலே இருந்து பார்ப்பதில்லை, கையில் பாண் பையோடு அதன் மேல் நடந்து வீட்டுக்குப் போகிறார்.

கொழுந்து எடுக்கும் பெண்களைப் பற்றி இன்னும் கவனமாக இருக்கச் சொல்வேன். தேயிலைப் பெட்டியில் நூறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தை நாமும் எடுத்துக் கேம் அட்டையில் ஒட்டக்கூடாது. என் அம்மாயி கொழுந்து எடுத்தவர். மழையில் நனைந்த படங்கு, அட்டைப்பூச்சிக் கடி, நிறுவையில் எத்தனை கிலோ வரும் என்ற பதற்றம், இதெல்லாம் அவருடைய நாள். அந்த வேலையை உங்கள் கேமில் உண்மையாகக் காட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக அட்டையில் வையுங்கள், முகத்தோடு, பெயருள்ள ஒரு ஆளாக, அவர் என்ன செய்கிறார் என்று தெரியும்படி. பின்னணியில் அழகுக்காக நான்கு வண்ணச் சேலைப் புள்ளிகளைத் தூவுவதாக இருந்தால் வேண்டாம். கோசி கேம் என்பதால் கஷ்டமே இருக்கக்கூடாது என்று இல்லை, மற்றவர் கஷ்டத்தை அலங்காரமாக்கக்கூடாது, அவ்வளவுதான்.

விவரம் சரியாக இருப்பதும் இதில் சேர்த்திதான். கூடைக் கயிறு தலையில் மாட்டி, கூடை முதுகில் இருக்கும், இப்போது நிறைய இடத்தில் கூடைக்குப் பதில் பை. செடி இடுப்பளவு, மேல்பக்கம் மட்டமாக வெட்டியது. நடுவில் தண்ணீர்க் கான் ஓடும், நிழல் மரம் நிற்கும். படம் உருவாக்கும் ஏஐ கருவி ஒன்றில் முயன்று பார்த்தபோது எனக்குக் கூடை தோளில் பை மாதிரித் தொங்கியது, செடிகள் நெல் வயல் போல அடுக்கடுக்காக வந்தன. ஏஐ படம் பயன்படுத்தினால் 2024 ஜனவரியிலிருந்து ஸ்டீமில் அதை அறிவிக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிவித்துவிட்டுப் பயன்படுத்துவது உங்கள் முடிவு. நம்மைப் பற்றி நாமே ஒரு தடவை சரியாக வரைந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

அளவுகள்

இங்கேதான் நிறையப் பேர் ஒரே படத்தை வரைந்துவிட்டு அதை வெட்டி வெட்டி ஒட்டுகிறார்கள், பிறகு தலை ஒரு பக்கம் போகிறது, தலைப்பு ஒரு பக்கம் போகிறது. ஸ்டீம் கேட்கும் முக்கியமானவை இவை, எல்லாம் பிக்சலில் (‘கேப்சூல்’ என்பது அங்கே அட்டைப்படத்துக்குப் பெயர்). ஹெடர் கேப்சூல் 920×430, கேம் பக்கத்தின் மேலேயும் இன்னும் நிறைய இடங்களிலும் வருவது. சின்ன கேப்சூல் 462×174, தேடும்போதும் பட்டியல்களிலும் வருவது. முதன்மை கேப்சூல் 1232×706, கடையின் முகப்பில் பெரிதாக வருவது. நெட்டுக்குத்தான கேப்சூல் 748×896. அப்புறம் வாங்கியவருடைய நூலகத்தில் வருவதற்கு 600×900-இல் ஒன்று, அதே நூலகத்தில் பின்னணியாக விரியும் ஹீரோ படம் 3840×1240.

ஹீரோ படத்தில் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது. தலைப்பைப் பின்னணியே இல்லாத பிஎன்ஜி படமாகத் தனியே கொடுக்க வேண்டும், ஸ்டீமே மேலே வைத்துக்கொள்ளும். ஜன்னலின் அளவைப் பொறுத்து ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முக்கியமானவற்றை நடுவில் 860×380-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். கடையின் வெளிச்சத்தை நான் அங்கேதான் வைத்தேன்.

இதில் கஷ்டம், ஒன்று அகலம், ஒன்று உயரம், ஒன்று ரொம்ப அகலம். ஆகவே தொடக்கத்திலிருந்தே அடுக்கு அடுக்காக வரையுங்கள்: வானமும் தூர மலையும் ஓர் அடுக்கு, கடை ஓர் அடுக்கு, ஆள் ஓர் அடுக்கு, ஸ்டூல் ஓர் அடுக்கு, தலைப்பு தனி. கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், நன்றாகவே போதும். ஒவ்வோர் அளவுக்கும் அடுக்குகளை நகர்த்தி மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். உயரமான படத்தில் மலையும் பனியும் மேலே நிறைய இடம் எடுக்கும், கீழே கடையும் ஸ்டூலும். அகலமானதில் கடை ஒரு பக்கம், தலைப்பு மறு பக்கம்.

சின்ன கேப்சூல் மட்டும் வேறு ஜாதி. ஸ்டீம் அதை இன்னும் சுருக்கி 120×45 வரை கொண்டுபோகும். அந்த அளவில் ஆளும் கிடையாது, ஸ்டூலும் கிடையாது. தலைப்பு கிட்டத்தட்ட முழுப் படத்தையும் நிரப்பட்டும், பின்னால் மஞ்சள் வெளிச்சமும் பனியும் இருந்தால் போதும். முழு ஓவியத்தையும் அதற்குள் திணிக்கப் பார்க்காதீர்கள், மூன்று தடவை திணித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

தலைப்பும் தமிழ் எழுத்தும்

தலைப்பை எந்த மொழியில் வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஸ்டேஷன் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றும் இருக்கும், அதைப் பார்த்து நானும் ஒரு பலகை வரைந்து மூன்று மொழியிலும் பெயர் போட்டேன். ஸ்டேஷனில் அந்தப் பலகை ஒரு ஆள் உயரம், கேப்சூலில் விரல் நகம். மூன்றும் கெட்டது. ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள். என் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கிறது, ஏனென்றால் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் ஓவியத்துக்குள் கடையின் பெயர்ப்பலகையில் ‘மூலைக்கடை’ என்று தமிழில்தான் எழுதியிருக்கிறது. பெரிய படங்களில் அது தெரியும், சின்னதில் அது பலகையின் வண்ணமாக மட்டும் நிற்கும், அதனால் எதுவும் கெடுவதில்லை.

தமிழிலேயே தலைப்பு வைக்கிறீர்கள் என்றால், வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, எழுத்து உடைவது. ‘மூலைக்கடை’யில் இரண்டு ஐகாரம் இருக்கிறது, லை, டை. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் அந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், மூன்று பேர் பார்த்தும் யாரும் கவனிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். போட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டும். எனக்கு எளிதாக இருந்தது இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள்: அதில் தட்டச்சு செய்து, சரியாக வந்ததும் எழுத்தை வடிவமாக மாற்றி, அந்த வடிவத்தை ஓவியத்துக்குள் கொண்டுவந்தேன். ஒருதரம் வடிவமாகிவிட்டால் எந்தக் கணினியிலும் உடையாது.

இரண்டாவது புள்ளி. சுருங்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ‘மூலைக்கடை’யின் க்-இல் புள்ளி போனால் ‘மூலைககடை’ ஆகிவிடும். எழுத்துருவில் வருகிற புள்ளியை அப்படியே விடாமல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள், எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு தமிழ் வடிவத்தில் நான் அந்தப் புள்ளியைக் கூரையில் தொங்கும் பல்பாக வரைந்தேன், மஞ்சளாக. எனக்கு இந்த முழு வேலையிலும் ரொம்பப் பிடித்த இடம் அது.

மூன்றாவது, தமிழ்ச் சொல் அகலமானது. நீளமான தலைப்பை ஒரே வரியில் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும். ‘மூலைக்’ மேலே, ‘கடை’ கீழே, கீழ்வரியை இன்னும் பெரிதாக. சுழிகளும் வளைவுகளும் நெருங்கி அடைபடாத தடித்த எழுத்துரு எடுங்கள். பலூ தம்பி, கேட்டமரன், முக்த மலர் போன்றவை கூகுள் எழுத்துருக்களில் இலவசம், விற்பனைக்கான வேலையிலும் பயன்படுத்தலாம். ரொம்பவும் மெல்லிய, கையெழுத்து மாதிரி எழுத்துரு கோசியாகத் தெரியும் என்று தோன்றும். 120 பிக்சலில் அது ஒரு கீறல்.

படத்தில் எதை எழுதக்கூடாது

2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் விதி இருக்கிறது: கேப்சூலில் கேமின் ஓவியம், கேமின் பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு, இவ்வளவுதான். விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், ‘50% தள்ளுபடி’, ‘இப்போது வந்துவிட்டது’, எதுவும் கூடாது. பெரிய அப்டேட் விடும்போது மட்டும் தற்காலிகமாக வேறு படம் வைத்து அதில் அப்டேட்டைப் பற்றி எழுதலாம், அதற்குக் காலக்கெடு உண்டு.

விதியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேமில் இல்லாததை அட்டையில் காட்டாதீர்கள். கேம் பிக்சல் ஓவியமாக இருந்து அட்டை கை ஓவியமாக இருப்பது தவறில்லை, ஆனால் அதே கடை, அதே நிறம், அதே வேலை இருக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏமாந்தோம் என்று தோன்றினால் கேட்பார்கள், கேட்பது நியாயமும் கூட.

யாரிடம் காட்டுவது

கேம் செய்யும் நண்பர்களிடம் கடைசியாகக் காட்டுங்கள், அவர்கள் கண் பழகிய கண். முதலில் கேமே விளையாடாதவர்களிடம். போனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மற்றக் கோசி கேம்களின் பத்து அட்டைகளுக்கு நடுவில் உங்களுடையதை வைத்து, ஐந்து விநாடி மட்டும் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டே கேள்வி: எது ஞாபகம் இருக்கிறது? அதில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நம் ஆட்கள் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.

நான் பிரிண்ட் எடுக்கும் கம்யூனிகேஷன் கடையில் சின்ன கேப்சூலை உண்மையான அளவில் கலர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுமூலையிலிருந்து பார்த்தேன். கடைக்கார அக்கா “இவ்வளவு சின்னதா எதுக்குத் தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அடித்துக் கொடுத்தார். ஒரு வாரம் போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது, நான்காம் நாள்தான் தலைப்பின் கடைசி எழுத்து மலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

உங்களால் வரைய முடியாவிட்டால்

ஓவியரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அடுக்குகளோடு மூலக் கோப்பு வரும், தலைப்பு இல்லாத படம் தனியாக வரும், மேலே சொன்ன எல்லா அளவும் வரும், எத்தனை திருத்தம், விற்பனைக்குப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு. நானும் ஒரு தடவை ஒருவரிடம் வெறும் பேச்சில் கொடுத்து, கடைசியில் தட்டையான ஒற்றைப் படம்தான் கிடைத்தது. உயரமான அளவுக்கு மாற்றவே முடியவில்லை, அந்தப் பணம் போனது.

அவரிடம் உங்கள் அந்த ஒற்றை வாக்கியத்தையும், சாயங்காலம் எடுத்த படங்களையும், நீங்களே கிறுக்கிய பத்து இருபது தீப்பெட்டி அளவுப் படங்களையும் கொடுங்கள். அவர் நம் மலையைப் பார்க்காதவராக இருந்தால் கூடை, செடி, கூரை, கேத்தல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் படம் அனுப்புங்கள். அலுத்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல ஓவியர்கள் இன்னும் கேட்பார்கள்.

ஏற்றிய பிறகு

ஒரு கேமுக்கு ஸ்டீமில் 100 டொலர் கட்ட வேண்டும், கேம் பக்கத்தை அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளச் சில வேலை நாட்கள் ஆகும், வெளியிடும் முன் ‘விரைவில்’ பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். ஆகவே அட்டையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வெளிவரப்போகும் கேம்களை முன்கூட்டியே விளையாடிப் பார்க்க ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழா வருடத்தில் மூன்று தடவை வருகிறது, ஆனால் ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ளலாம். அரைகுறை அட்டையோடு அதில் போய் நிற்க வேண்டாம்.

பக்கம் திறந்த பிறகு உங்கள் கணக்கில் படம் எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற எண்ணிக்கை தெரியும். அட்டையை மாற்றினால் மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, முன்னும் பின்னும் இரண்டு இரண்டு வாரத்தை ஒப்பிடுங்கள். தள்ளுபடி நடக்கும் வாரத்தில் மாற்றாதீர்கள், எதனால் ஆள் வந்தார்கள் என்று பிரித்தறிய முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தலைப்பை என்றால் தலைப்பை மட்டும்.

மூலக் கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. பிறகு இட்ச்.ஐஓ என்ற இன்னொரு கேம் தளத்தில் போடும்போது 630×500 கேட்பார்கள், கூகுள் பிளேயில் 1024×500-உம் 512×512-இல் ஓர் ஐகானும். அந்த ஐகானுக்கு நான் முழுக் கடையையும் எடுத்துவிட்டேன். பனி, ஒரு கிளாஸ், அதிலிருந்து எழும் ஆவி, பின்னால் மஞ்சள் பல்ப்.